அம்பன் கங்கையின் நீர்க் கதவுகள் – 14: வற்றாத குளத்தில் வெடிப்பைக் காணுதல்

மாத்தளை மாவட்டத்து நீர்ப்பாசன வரலாற்றை அணைகளின் உயரத்தையும் நீர்த்தேக்கங்களின் கொள்ளளவையும் கொண்டு அளந்து எழுதுவதே வழக்கமாகிவிட்டது. ஆனால் அணையின் மண்ணும் கல்லும் கொங்கிறீற்றும் அசையாது நின்று நீரைத் தாங்குகின்றனவே தவிர, நீரை விடுவதும் நிறுத்துவதும் அளந்து பகிர்வதுமான வேலை முழுவதும் கதவுகள் மீதே விழுகிறது. அக்கதவுகளோ மரத்திலிருந்து உருக்குக்கு மாறியபின், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை மனிதக் கண் எட்டாத ஆழத்தில் கழிக்கின்றன. அம்பன் கங்கையின் மீது அணைகள் எழுந்த வரலாறு முன்னைய பகுதிகளில் கூறப்பட்டுவிட்டமையால், அவற்றின் நீருக்கடியிலான உருக்கு உறுப்புகளில் தோன்றும் பழுதுகளைக் கண்டறியும் கலை எவ்வாறு உருவாயிற்று என்பதும், அக்கலை இம்மாவட்டத்து நீரில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதும் இப்பகுதியில் ஆராயப்படுகின்றன.

பழைய குளங்களுக்கு இத்தகைய கலை தேவைப்படவில்லை, ஏனெனில் அவை தாமாகவே வற்றின. சிறுபோகத்துக்கு நீர் கொடுத்து முடிந்து, வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு முன்னுள்ள வறண்ட வாரங்களில் குளத்தின் நீர்மட்டம் துருசின் வாய்க்கும் கீழே இறங்கிவிடும். அப்போது கிராமத்து வயல்நீரை மேற்பார்த்த வெல்விதானையும் வயற்காரரும் உள்ளே இறங்கி, வண்டலை வாரி, உளுத்த பலகையை மாற்றி, கல்லின் பொருத்துகளைக் கையால் தடவிப் பார்க்க முடிந்தது. பெருங்குளங்களின் உட்கரையில் நீர் புகும் துருசுக்கும் வெளியேறும் வாய்க்காலுக்கும் இடையே செவ்வகக் கிணறுபோல் கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்ட பிசோகொட்டுவ என்னும் அமைப்பை, நீரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கதவுக் கிணறு என இனங்கண்டு உலகுக்கு விளக்கியவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் ஆவார். 1909இல் வெளிவந்த அவருடைய நூலில் இக்கண்டுபிடிப்பின் பெருமை இலங்கையின் பண்டைய பொறியியலாளருக்கே உரியது என வாதிடப்பட்டுள்ளது. அக்கிணற்றின் மேன்மை பற்றிப் பலர் எழுதியுள்ளனர், ஆயினும் அதனைப் பேணியவர்களுக்கு ஆண்டுதோறும் ஒருமுறை அதன் அடித்தளம் வரை பார்க்கும் வாய்ப்பு இருந்தது என்பதைக் குறிப்பிடுவோர் குறைவு. 1832இல் இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியமுறை ஒழிக்கப்பட்டபோது குளங்கள் பாழடையத் தொடங்கியதற்கும், 1856இன் நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய கிராம வழமைகளை மீண்டும் உயிர்ப்பிக்க முயன்றதற்கும் பின்னால் இருந்த உண்மை இதுவே: குளத்தைக் கட்டுவதைவிட, வற்றிய குளத்தில் இறங்கிப் பார்க்கும் ஆட்களை ஒழுங்கு செய்வது கடினமானது.

மகாவலித் திட்டத்தின் நீர் வந்தபின் வற்றுதல் என்னும் வாய்ப்பு மறைந்தது. கண்டிக்கு அருகே பொல்கொல்லவில் தடுக்கப்பட்ட மகாவலி நீர், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே மாத்தளை மாவட்டத்து உக்குவெல மின் நிலையத்துக்கு வந்து, சுதுகங்கையில் விழுந்து, அம்பன் கங்கையை அடையத் தொடங்கியது 1976இல். 1981இல் நிறைவுற்ற, 30 மீற்றர் உயரமுடைய போவத்தென்ன அணை அந்நீரை மறித்து, ஒரு பகுதியைச் சுரங்கவழியே கலாவெவ நோக்கித் திருப்பி, மறு பகுதியை 40 மெகாவாற் மின் நிலையத்தின் ஊடாக மீண்டும் ஆற்றுக்கே விடுகிறது. அந்த நீர்த்தேக்கத்துக்காகவே நாலந்தா கெடிகே என்னும் கற்கோயில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு மேட்டில் மீண்டும் கட்டப்பட்டது. 1968இன் மகாவலிப் பெருந்திட்டத்திலேயே இடம்பெற்றிருந்தும், 1977இன் துரித திட்டத்தில் பின்தள்ளப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2017 சனவரியில்தான் நிரம்பத் தொடங்கியது. 65 மீற்றர் உயரமான பிரதான அணையும் 521 மில்லியன் கனமீற்றர் கொள்ளளவும் 25 மெகாவாற் மின் நிலையமும் கொண்ட அந்நீர்த்தேக்கத்துக்கு முன்னழுத்தக் கொங்கிறீற்றுத் துறையில் பெயர்பெற்ற பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்கவின் பெயர் சூட்டப்பட்டது. அடுத்த ஆண்டில் 68 மீற்றர் உயரமான களுகங்கை அணையும் நீரைத் தேக்கத் தொடங்கியபோது பழைய லக்கல பல்லேகம நகரம் நீருள் மறைந்தது. இந்நீர்த்தேக்கங்களை வெறுமையாக்கிக் கதவுகளைப் பார்ப்பதென்றால் மின்சாரம், குடிநீர், கீழ்நிலக் குளங்களின் பெரும்போக விதைப்பு ஆகிய மூன்றையும் ஒருசேர நிறுத்தவேண்டியிருக்கும். ஆகவே முன்பு வறட்சி செய்துவந்த வேலையைக் கருவிகள் செய்யவேண்டியதாயிற்று.

அணையொன்றின் நீருக்கடியில் எத்தகைய உருக்கு உறுப்புகள் உள்ளன என்பதை இங்கே தெளிவாக்குதல் தகும். நிரம்பி வழியும் நீரைத் திறந்துவிடும் வான்கதவுகள் பெரும்பாலும் வட்டத்தின் ஒரு வில்போல் வளைந்த தகடும், அதனை இருபுறமும் தாங்கும் கைகளும், அக்கைகள் சுழலும் அச்சும் கொண்டவை. மின் நிலையத்துக்கு நீர் புகும் வாயில் மரக்கட்டையும் குப்பையும் உள்ளே செல்லாதவாறு உருக்குக் கம்பிகளாலான கிராதி நிற்கும். அதற்குப் பின்னால் நீரை அடைக்கும் தட்டைக் கதவு கொங்கிறீற்றில் பதிக்கப்பட்ட உருக்குத் தடங்களில் ஏறியிறங்கும். அதற்கும் அப்பால் நீரின் முழு அழுத்தத்தையும் சுமந்து சுழலிக்குக் கொண்டுசெல்லும் அழுத்தக் குழாய், வளைத்த தகடுகளை நீளவாட்டிலும் குறுக்கிலும் வெல்டிங் செய்து ஆக்கப்பட்டிருக்கும். தகட்டைவிட ஒட்டே அஞ்சத்தக்கது. உருகி ஆறிய உலோகம் சுருங்கும்போது அதனுள் இழுவிசை தங்கிவிடுவதும், கசடோ காற்றுக்குமிழோ அகப்பட்டுக் கொள்வதும், ஒட்டின் விளிம்பில் விசை குவிவதும் சேர்ந்து, கதவு பாதி திறந்த நிலையில் நீர் பாயும் அதிர்வு இலட்சக்கணக்கான முறை தாக்கும்போது, மயிரிழை அகலமான வெடிப்பு தோன்றி வளர இடமளிக்கின்றன. இதற்குக் களைப்பு வெடிப்பு என்பது பொறியியல் வழக்கு.

கறள் மற்றொரு வழியில் வேலை செய்கிறது. நீர்மட்டம் ஏறியிறங்கும் வரம்பில் ஒட்சிசன் மிகுதியாகக் கிடைப்பதால் அங்கு உருக்கு விரைவாக அரிக்கப்படும் என்பது பலரும் அறிந்ததே. ஆழத்தில் ஒட்சிசன் குறைவதால் அரிப்பும் குறையும் என்று எண்ணுவது மட்டும் தவறாக முடியலாம். காட்டையும் தோட்டத்தையும் மூழ்கடித்துப் புதிதாக நிரம்பிய வெப்பவலய நீர்த்தேக்கத்தின் அடிநீரில் இலைதழை அழுகி ஒட்சிசன் முழுவதும் தீர்ந்தபின், அழுகிய முட்டை மணமுடைய ஐதரசன் சல்பைட்டை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, பூச்சு உரிந்த இடங்களில் உருக்கைக் குழிகுழியாகத் தின்னத் தொடங்குகின்றன. அத்தகைய குழி மேலிருந்து ஒரு பொத்தான் அளவே தோன்றினாலும் தகட்டின் பாதித் தடிப்புவரை இறங்கியிருக்கக்கூடும்.

இலங்கையில் நீருக்கடியிலான படப்பிடிப்பின் தொடக்கம் தெளிந்த கடலோடு தொடர்புடையது. 1956இல் இங்கு குடியேறிய ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் பவளப் பாறைகளுக்கிடையே கமராவுடன் சுழியோடினர்; வில்சன் இயக்கி 1962இல் வெளிவந்த முதலாவது சிங்கள வண்ணத் திரைப்படமான ரன்முத்து தூவவில் நீருக்கடியிலான காட்சிகளே மக்களைக் கவர்ந்தன. திருகோணமலைக் கடலில் கைவந்த அந்த வித்தை அம்பன் கங்கையில் கைவராது. மத்திய மலைநாட்டின் சரிவுகளிலிருந்து அரித்துவரும் மண் பொல்கொல்லத் தேக்கத்தின் கணிசமான பகுதியை நிரப்பியிருப்பதே அந்த நீர் எத்தகையது என்பதற்குச் சான்று. கலங்கிய நீரில் விளக்கை ஏற்றினால், நக்கிள்ஸ் மலைப்பாதையில் பனிமூட்டத்தினுள் வாகனத்தின் முன்விளக்கைப் பிரகாசமாக்கியது போலாகும்; மிதக்கும் துகள்கள் ஒளியைக் கமராவை நோக்கியே திருப்பியனுப்ப, பொருள் மறைந்து வெண்மை மட்டும் எஞ்சும். விளக்கைக் கமராவிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் வைப்பது இதற்கான முதல் தீர்வு. இன்னொரு தீர்வு எளிமையானதாயினும் நுட்பமானது: முன்னும் பின்னும் ஒளிபுகும் தகடு பொருத்திய பெட்டியில் தெளிந்த நீரை நிரப்பி, அதன் ஒரு முகத்தைக் கதவின் மீது அழுத்தி, மறுமுகத்தில் கமராவை வைத்தால், இடையிலுள்ள கலங்கல் நீர் விலக்கப்பட்டு, உலோகத்தின் ஒரு சாண் பரப்பு துலக்கமாகத் தெரியும். ஆனால் நூற்றுக்கணக்கான சதுரமீற்றர் பரப்புள்ள கதவைச் சாண் சாணாகப் பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதால், எந்தச் சாணைப் பார்ப்பது என முன்கூட்டியே சொல்லவல்ல வேறொரு கண் வேண்டியிருந்தது.

அந்தக் கண் ஒலியிலிருந்து பிறந்தது. 1912இல் டைட்டானிக் மூழ்கியபின், கப்பலுக்கு முன்னுள்ள பனிப்பாறையை எதிரொலியால் அறியும் முயற்சியில் 1914இல் ரெஜினோல்ட் ஃபெசென்டன் வெற்றி கண்டார். முதலாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காகப் பிரெஞ்சு இயற்பியலாளர் போல் லஞ்சவன் குவார்ட்ஸ் பளிங்கை மின்னால் அதிரச்செய்து, மனிதச் செவிக்கு எட்டாத கழியொலியை நீருள் அனுப்பிக் காட்டினார். எதிரொலி வந்த நேரத்தைத் தூரமாகவும் வந்த திசையைக் கோணமாகவும் மாற்றித் திரையில் உருவமாக வரையும் இன்றைய படமெடுக்கும் சோனார் கருவிகள் அந்த மரபின் தொடர்ச்சியாகும். கலங்கல் அவற்றுக்குத் தடையில்லை. ஆயினும் சோனார்ப் படத்தை ஒளிப்படத்தைப்போல் வாசிப்போர் ஏமாறுவர். ஒலி நீரில் செக்கனுக்கு ஏறத்தாழ 1,480 மீற்றர் வேகத்தில் செல்வதால், செக்கனுக்கு 10 இலட்சம் அதிர்வுள்ள அலையின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர். அதனால் அதைவிட மெல்லிய வெடிப்பை அந்த அலை பிரித்தறியாது, அதிர்வை மேலும் கூட்டினாலோ அலை சிறிது தூரத்திலேயே நீரில் அடங்கிப்போகும். கிராதியில் ஒரு கம்பி இல்லாமை, கதவுத் தடம் வளைந்திருத்தல், அடியில் மரக்கட்டை கிடத்தல் போன்ற வடிவக் கேடுகளைச் சோனார் காட்டும், உலோகத்தினுள் நடப்பதை அது காட்டாது. விற்பனையாளரின் விளம்பரங்களில் இவ்வேறுபாடு அடிக்கடி மங்கிவிடுகிறது.

உலோகத்தினுள் பார்ப்பதற்கும் கழியொலியே கைகொடுத்தது, நீருக்குப் பதிலாக உருக்கு அதன் ஊடகமாயிற்று. 1928இல் சோவியத் அறிவியலாளர் செர்கெய் சொகொலொவ் உலோகத்தின் ஊடாகக் கழியொலியைச் செலுத்தி, குறையுள்ள இடத்தில் மறுபக்கத்துக்கு வரும் ஒலி குன்றுவதைக் கொண்டு பழுதைக் காணலாம் என முன்மொழிந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிளோய்ட் ஃபயர்ஸ்டோன் 1940இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருவி, ஒரே பக்கத்திலிருந்து ஒலித்துடிப்பை அனுப்பி அதன் எதிரொலியை அதே பக்கத்தில் பெற்றது. மறுபக்கத்தை அணுகமுடியாத அழுத்தக் குழாய்க்கும் கதவுத் தகட்டுக்கும் இம்முறை பொருந்துவதற்கு இதுவே காரணம். ஒலி உருக்கில் செக்கனுக்கு ஏறத்தாழ 5,900 மீற்றர் செல்கிறது. ஆகவே 20 மில்லிமீற்றர் தடித்த தகட்டின் பின்புறத்தைத் தொட்டு எதிரொலி திரும்பிவர ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 7 பங்கு நேரம் பிடிக்கும், அது 5 பங்காகக் குறைந்தால் தகடு 15 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கீழே தேய்ந்துவிட்டது என்பது பொருள். இவ்வாறு நூற்றுக்கணக்கான புள்ளிகளில் அளந்த தடிப்புகளை நிறங்களாக மாற்றி ஒரே தாளில் பரப்பும்போது கறள் எங்கே, எவ்வளவு ஆழமாகத் தின்றுள்ளது என்பதைக் காட்டும் வரைபடம் கிடைக்கிறது. படம் என்னும் சொல் இங்கே தன் பழைய பொருளைக் கடந்துவிட்டது, எவரும் கண்ணால் காணாத ஒன்று படமாகிறது.

மேற்பரப்பை வந்தடைந்த வெடிப்புக்கு வேறு முறைகள் ஏற்றவை. உருக்கைக் காந்தமாக்கினால் காந்தப்புலம் வெடிப்பின் குறுக்கே செல்லமுடியாது வெளியே கசியும். அவ்விடத்தில் ஒளிரும் பூச்சிட்ட நுண்ணிய இரும்புத் துகள்களை நீரில் கலந்து விட்டால், அவை வெடிப்பின் மீது வரிசையாக ஒட்டிக்கொண்டு, ஊதா கடந்த ஒளிவிளக்கின் முன் பசுங்கோடாக ஒளிரும். இம்முறையைச் செய்யும் சுழியோடி முதலில் பாசியையும் பூச்சையும் சுரண்டி உலோகத்தைப் பளபளப்பாக்க வேண்டும், சோதனை முடிந்தபின் சுரண்டிய இடத்தில் மீண்டும் பூச்சிடவும் வேண்டும். அது தவறினால் பழுதைத் தேடிய செயலே அடுத்த பழுதுக்கு வித்தாகும். 1980களில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வடகடல் எண்ணெய் மேடைகளுக்காக வளர்த்தெடுக்கப்பட்ட ஆடலோட்டப் புல அளவீடு என்னும் முறை இக்குறையைப் பெருமளவு நீக்கியது. உருக்கின் மேற்பரப்பில் சீரான ஆடலோட்டத்தைத் தூண்டினால், வெடிப்பு குறுக்கிடும் இடத்தில் அவ்வோட்டம் அதன் முனைகளைச் சுற்றியும் அடியாலும் விலகிச் செல்லவேண்டியிருப்பதால் காந்தப்புலம் குலைகிறது. அக்குலைவை அளந்தால் பூச்சை நீக்காமலே வெடிப்பின் நீளத்தோடு ஆழத்தையும் கணிக்கலாம்.

வடகடல் இத்துறைக்குப் பள்ளியாக அமைந்ததற்கு ஒரு துயரம் காரணமாயிற்று. 1980 மார்ச் 27 அன்று நோர்வேயின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்னும் மிதக்கும் தங்குமேடை கவிழ்ந்து, அதிலிருந்த 212 பேரில் 123 பேர் இறந்தனர். விசாரணையில், மேடையின் ஐந்து கால்களில் ஒன்றைப் பிணைத்த குறுக்குத் தண்டில் களைப்பு வெடிப்பு தொடங்கியது தெரியவந்தது. அது தொடங்கிய இடம், நீருக்கடியிலான ஒலியைக் கேட்கும் கருவியொன்றைப் பொருத்துவதற்காகச் செய்யப்பட்ட 6 மில்லிமீற்றர் வெல்டிங் ஒட்டாகும். வெடிப்பின் முகத்தில் வர்ணத்தின் தடயம் காணப்பட்டதால், மேடை கட்டுந்தளத்தை விட்டுப் புறப்படும் முன்பே அது அங்கு இருந்தது என்றும் அறியப்பட்டது. நீருள் கேட்பதற்காக வைத்த செவியின் அடியிலேயே கேடு பிறந்தது என்பதும், அதன் மீது வர்ணம் பூசிய கை அதனைக் காணவில்லை என்பதும் வெல்டிங் சோதகர் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்கவேண்டியவை. பிரதானமான ஒட்டுகளைச் சோதித்துவிட்டு, பின்னர் சேர்த்த சிறு ஒட்டுகளை விட்டுவிடும் பழக்கம் அணைகளிலும் இல்லாமலில்லை. ஏணிப்படி, கம்பித் தாங்கி, நீர்மட்ட அளவி ஆகியவை கதவோடு ஒட்டப்படுவது பெரும்பாலும் வரைபடத்தில் இடம்பெறாத வேலையாகும்.

இக்கருவிகளை ஆழத்துக்குக் கொண்டுசெல்வது யார் என்பது தனியான வரலாறு. மன்னார்ச் சலாபத்தில் கல்லைக் காலிற் கட்டி இறங்கிய முத்துக்குளிப்போர் முதல், 1943இல் குஸ்தோவும் கஞ்யானும் உருவாக்கிய காற்றுக்கலன் கொண்ட சுழியோடிகள் வரை எல்லோரும் இறங்கியது நீர் நிலையாக நின்ற இடங்களில். அணைக் கதவின் முன் நீர் நிலையாக நிற்பதுபோல் தோன்றும், ஆனால் 30 மீற்றர் ஆழத்தில் ஒரு சதுரமீற்றர் பரப்பின் மீது 30 தொன் பாரம் அழுத்திக்கொண்டிருக்கிறது. கதவின் மறுபுறம் காற்றிருக்க, இடையில் பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவே ஒரு துளை இருந்தால், அதன்மேல் படும் கையை 300 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசை உள்ளிழுக்கும். அதனைக் கண்டறிவதற்கு முன்னமே சுழியோடி அதில் சிக்கிவிடுவார். எந்தக் கசிவைத் தேடி இறங்கினாரோ அதுவே அவரைக் கொல்லவல்லது என்பதனால்தான், கம்பிவடத்தின் முனையில் தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு ஊர்திகளை முதலில் இறக்குவது அணைத்துறையில் வழக்கமாயிற்று. 1966இல் ஸ்பெயினின் பலோமாரெஸ் கரைக்கு அப்பால் 800 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வீழ்ந்துகிடந்த அமெரிக்க ஐதரசன் குண்டை மீட்க உதவியது இவ்வகை ஊர்தி. அதன் வழித்தோன்றல்கள் இன்று இருவர் தூக்கக்கூடிய பெட்டியில் அடங்குகின்றன.

படத்தால் காணமுடியாத பழுதுகளும் உள்ளன. 1995 சூலை 17 அன்று கலிபோர்னியாவின் ஃபொல்சம் அணையில் 3ஆம் இலக்க வான்கதவு திறக்கப்படும்போது முறிந்து, நீர்த்தேக்கத்தின் நீர் கட்டுப்பாடின்றிப் பாய்ந்தது. தகட்டில் வெடிப்பில்லை, கைகளில் கறள் ஆழமாக இறங்கியிருக்கவில்லை. சுழலும் அச்சில் காலப்போக்கில் கூடிய உராய்வு, வடிவமைப்பில் கணக்கிற் கொள்ளப்படாத வளைவு விசையாக மாறிக் கைகளை மடக்கியது. நீருக்கு மேலே, படியேறித் தொடக்கூடிய உயரத்தில் இருந்த அந்த அச்சின் உராய்வை எந்தக் கமராவும் எந்தச் சோனாரும் காட்டியிருக்காது. கதவை அசைத்துப் பார்த்து, தூக்கும் மோட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை ஆண்டுதோறும் குறித்துவைக்கும் பதிவேடே அதற்கான கருவி. அதன் விலை ஒரு கொப்பியின் விலை.

மொரகஹகந்த போன்ற அணைகளில் படமெடுக்கும் கருவிகளின் முதல் வேலை வெடிப்பைத் தேடுவதாக இருக்கவேண்டியதில்லை என்பதும் இங்கே கூறத்தக்கது. பிரதான கதவுக்கு முன்னால், கொங்கிறீற்றுத் தூண்களின் பக்கங்களில் மேலிருந்து கீழ்வரை ஒரு சோடித் தவாளிப்புகள் விடப்பட்டிருக்கும். பழுதுபார்க்கும் காலத்தில் உருக்கு அடைப்புப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அத்தவாளிப்புகளில் இறக்கினால், அவற்றுக்கும் கதவுக்கும் இடைப்பட்ட நீரை வெளியேற்றி, நீர்த்தேக்கம் நிறைந்திருக்கும்போதே ஓர் அறை அளவு இடத்தை உலர்த்திவிடலாம். வற்றிய குளத்தில் இறங்கிய வெல்விதானைக்குக் கிடைத்த அதே வாய்ப்பு, சில சதுரமீற்றர் அளவுக்குச் சுருக்கப்பட்டு, பொறியியலாளருக்கு அங்கே மீண்டும் கிடைக்கிறது. கண்ணும் கையும் சுத்தியலும் கழியொலிக் கருவியும் ஒருங்கே வேலைசெய்யக்கூடிய இடம் அதுதான். ஆனால் அடைப்புப் பலகையின் அடிவிளிம்பு பொருந்தவேண்டிய உருக்குப் படி மீது வெள்ளத்தில் வந்த ஒரு மரத்தடியோ ஒரு முழம் வண்டலோ கிடந்தால் பலகை சரியாக அமராது, அமராத பலகையின் பின்னால் எவரும் இறங்கமுடியாது. ஆகவே வான்கதவைப் பரிசோதிக்கும் திட்டத்தின் முதல் நாளில், நீர் கலங்கியிருக்கும் அந்த ஆழத்துக்கு இறக்கப்படும் சோனார் பார்ப்பது கதவை அல்ல, அதற்கு முன்னாலுள்ள வெறும் படியை.

(தொடரும்)